முதல் போன்சாய்: வாங்குவதற்கு முன்பிருந்து மூன்றாம் வருடம் வரை

என்னுடைய முதல் போன்சாய் பிறந்தநாள் பரிசாக வந்தது. கையளவு தொட்டியில் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரம் ஒன்று, மண்ணுக்கு மேல் பசை போட்டு ஒட்டிய வெள்ளைக் கூழாங்கற்கள், ஓரத்தில் தூண்டில் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்மைத் தாத்தா. மேசை மேல், கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் ஒரு கரண்டி தண்ணீர். இரண்டு மாதம் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒருநாள் தூசி தட்டலாம் என்று கிளையைத் தொட்டேன், இலை பொலபொலவென்று கையில் உதிர்ந்தது. ஜூனிப்பர் செத்த பிறகும் பல வாரங்கள் நிறம் மாறாமல் நிற்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைசி ஒரு மாதம் நான் தண்ணீர் ஊற்றியது ஒரு பிணத்துக்கு.

இந்த இடத்தில் "நமக்குக் கைராசி இல்லை" என்று தொட்டியைக் கழுவிப் பேனா போட்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நானும் ஒரு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் நடந்ததில் ராசிக்கு வேலையே இல்லை. வெளியே வெயிலில் நிற்க வேண்டிய மரத்தை அறைக்குள் வைத்தேன். ஒட்டிய கற்கள் தண்ணீரை உள்ளே விடவில்லை. கரண்டித் தண்ணீர் வேர் வரை போகவே இல்லை. மூன்றும் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தப்புகள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகும்: முதலில் சாகாமல் வைத்துக்கொள்வது, அப்புறம் கொழுக்க வளர்ப்பது, அழகுபடுத்துவது கடைசியில். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் மரங்கள் போய்ச் சேர்கின்றன.

தொடங்கும் முன்: போன்சாய் ஒரு மர வகை இல்லை

ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு போன்ற ஆழமில்லாத கலம், 'சாய்' என்றால் நடுதல். அவ்வளவுதான் பெயரின் பொருள். கலத்தில் மரம் வளர்க்கும் வழக்கம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. சீனர்கள் அதைப் பென்ஜிங் என்கிறார்கள். டாங் வம்சத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறையில், 706ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு ஒருவர் நிற்கிறார்.

குள்ளமாக இருப்பது மரத்தின் பிறவிக் குணம் கிடையாது. தொட்டியில் முழ உயரத்தில் நிற்கும் ஆலமரத்தைத் தரையில் நட்டுவிட்டால் சில வருடங்களில் கூரையைத் தாண்டிவிடும். அதனால் 'போன்சாய் விதை' என்று பொட்டலத்தில் விற்பது சாதாரண மர விதைதான். அதை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? முளைத்தால், மூன்று வருடம் கழித்தும் பென்சில் பருமனில் ஒரு குச்சி நிற்கும். விதையிலிருந்து வளர்ப்பது தப்பில்லை. ஆனால் அது பொறுமை ஏற்கெனவே வாய்த்தவர்களுக்கான வேலை. முதல் மரமாக வேண்டாம்.

இன்னொரு விஷயம்: வளர்ப்பு முறையால் இலை சிறுக்கும். பூவும் காயும் சிறுக்காது. பெரிய பழம் காய்க்கும் மரத்தைப் போன்சாயாக்கினால் கைக்குழந்தை பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

படி 1: மரத்துக்கு முன்னால் இடம்

ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை, உங்கள் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ ஜன்னலோரத்திலோ நேர் வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மணி நேரம் நேர் வெயில் விழும் இடம் என்றால் கிட்டத்தட்ட எந்த மரத்தையும் முயலலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஆல், அரசு போன்ற ஃபைகஸ் வகைகள் சமாளிக்கும். நேர் வெயிலே இல்லை என்றால், செடி வளர்ப்பு விளக்கு இல்லாமல் தொடங்காதீர்கள்.

"அறைக்குள்ளேயே நல்ல வெளிச்சம் இருக்கிறதே" என்று தோன்றும். கண் ஏமாற்றுகிறது. உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். விளக்குப் போட்ட அறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். நம் கண்மணி விரிந்து சுருங்கி இரண்டையும் ஒன்றுபோலக் காட்டிவிடும், இலைக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது குளிர். ஜூனிப்பர், பைன், மேப்பிள் எல்லாம் குளிர்காலம் உள்ள நிலங்களின் மரங்கள். வருடத்தில் சில மாதம் குளிரில் உறங்கியாக வேண்டும். உறக்கம் கிடைக்காத மரம் ஓரிரு வருடங்களில் களைத்துச் சாகும். வெப்ப மண்டல மரங்கள் இதற்கு நேர்மாறு: வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அவற்றுக்குச் சங்கடம். ஆக, நீங்கள் இருக்கும் ஊரின் தெருவோரத்தில் என்ன மரம் யாரும் கவனிக்காமலே செழித்து நிற்கிறதோ, அதன் உறவுக்கார மரத்திலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். படத்தில் பார்த்த மேப்பிள் மேல் ஆசை வருவது இயல்பு. கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக, தொட்டி வைக்கும் இடம் நீங்கள் தினமும் நடந்து போகும் வழியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணில் படாத மரம் தாகத்தில் சாகும். தரையில் வைக்காமல் இடுப்புயர மேடையில் வையுங்கள். சூடான தளத்தின் காந்தல் வேருக்கு ஏறாது, உங்களுக்கும் மரத்தைப் பார்க்க முதுகு வளைய வேண்டியதில்லை.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுப்பது

'ரெடிமேட்' போன்சாயை விட்டுவிடுங்கள். நர்சரிக்குப் போய், அழகாக வரிசையில் நிற்பவற்றைத் தாண்டி, பின்பக்க மூலைக்குப் போங்கள். யாரும் வாங்காமல் மூன்று நான்கு வருடமாகத் தொட்டியிலேயே கிடந்து, தண்டு பருத்து, கோணல்மாணலாக நிற்கும் செடிதான் நமக்கு வேண்டும். மற்றவர்களுக்கு அது கழித்துக்கட்டிய சரக்கு.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் அடி. மேல் மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்கிப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் நுழையும் இடத்தில் வேர்கள் நாலா பக்கமும் கோழிக்கால் விரல் போல விரிந்திருந்தால் அது நல்ல மரம். இந்த வேர் விரிப்பை ஜப்பானியர்கள் நெபாரி என்கிறார்கள். பிறகு தண்டு: அடியில் பருத்து மேலே போகப் போக மெலிய வேண்டும். குழாய் மாதிரி ஒரே பருமனில் நேராகப் போகும் தண்டைத் திருத்த வருடங்கள் ஆகும். அதற்குப் பிறகு தாழ்வான கிளைகள். இலையையும் உச்சியையும் கடைசியில் பார்த்தால் போதும். உச்சியை எப்படியும் வெட்டிவிடப் போகிறோம்.

எந்த மரம்? ஆல், அரசு, இச்சி எல்லாம் வரும் ஃபைகஸ் இனத்தில் சிறு இலை உள்ள ஒன்றை என் முதல் பரிந்துரையாகச் சொல்வேன். தப்பாக வெட்டினாலும் பழைய தண்டிலிருந்தே துளிர்க்கும், தண்ணீர் ஒருநாள் கூடக்குறைய ஆனாலும் மன்னிக்கும், விழுது விடும். வெட்டினால் பால் வடியும். அது துணியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோல் அரிக்கும், அதனால் ஈரத் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்குச் சிறு இலை ஜேட். இதன் தாவரவியல் பெயர் போர்ட்டுலகேரியா. தென்னாப்பிரிக்கக் காடுகளில் யானைகளுக்குப் பிடித்த தழை. யானை ஒடித்துத் தின்னும்போது கீழே விழும் துண்டுகள் அங்கேயே வேர் பிடித்து முளைத்துவிடும். இப்படிப்பட்ட மரத்தைக் கத்தரிக்கோலால் நாம் என்ன செய்துவிட முடியும்? மிதமான குளிர் உள்ள ஊர் என்றால் சைனீஸ் எல்ம். பூ வேண்டும் என்றால் காகிதப்பூ, அதாவது போகன்வில்லா. ஆனால் அதன் முற்றிய கிளை கம்பிக்கு வளையாது, படக்கென்று ஒடியும்.

ஒரு மரத்தோடு நிறுத்தாமல் மூன்று மரமாவது வாங்குங்கள். இதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஒரே மரம் வைத்திருப்பவர் தினமும் அதையே நோண்டுவார். இன்று வெட்டு, நாளை கம்பி, மறுவாரம் தொட்டி மாற்றம். மூன்று இருந்தால் கை அங்கங்கே பிரியும், ஒவ்வொரு மரத்துக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். பொதுவாக எனக்குத் தெரிந்தவரை, வீட்டு மரங்கள் கவனிப்பு இல்லாமல் சாவதைவிட அதிக கவனிப்பில் சாவதுதான் கூடுதல்.

படி 3: மூன்று மாதம் தண்ணீர் மட்டும்

வாங்கி வந்த அன்றே வெட்டாதீர்கள். இடம் மாறிய மரம் கொஞ்சம் இலை உதிர்க்கும், ஃபைகஸ் ரொம்பவே உதிர்க்கும். பயந்து தண்ணீரைக் கூட்ட வேண்டாம்.

ஜப்பானில் 'தண்ணீர் ஊற்றப் பழக மூன்று வருடம்' என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வார்கள். கேட்கும்போது மிரட்டல் மாதிரி இருக்கும். விஷயம் இதுதான்: "தினமும் ஒருமுறை", "இரண்டு நாளைக்கு ஒருமுறை" என்கிற எந்த அட்டவணையும் வேலைக்கு ஆகாது. காற்றடித்த நாளில் இரண்டு முறை தேவைப்படும், மழை நாளில் ஒருமுறைகூட வேண்டாம். மரத்தைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். எப்படிக் கேட்பது? விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்து உள்ளே லேசான ஈரம் மட்டும் இருந்தால் அதுதான் நேரம். விரல் போகாத சின்னத் தொட்டி என்றால் சீவாத மூங்கில் குச்சி ஒன்றைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள், நனைந்த அளவு நிறத்திலேயே தெரியும். கொஞ்ச நாளில் இரண்டும் தேவைப்படாது. தொட்டியைத் தூக்கினாலே கனத்தில் தெரிந்துவிடும்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. பூவாளியால் தொட்டி முழுக்க ஊற்றி, அடித் துளை வழியே தண்ணீர் ஓட வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. முதல் முறை மண்ணை நனைக்கும், இரண்டாம் முறைதான் நிரப்பும். தண்ணீர் கீழே இறங்கும்போது பின்னாலேயே புதுக் காற்றையும் வேருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. என் கரண்டித் தண்ணீரில் நடக்காமல் போனது இதுதான். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலை மேல் பீச்சுவதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசியத் தாவரப் பூங்காவின் ஒரு வெள்ளைப் பைன். 1625 முதல் தொட்டியில் பழக்கப்பட்டு வரும் மரம். 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அங்கிருந்த யமாகி குடும்பத்தின் நர்சரியில் சுவருக்குப் பின்னால் இருந்து பிழைத்தது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார், குண்டுக்குத் தப்பிய மரம் என்ற சேதி 2001இல் குடும்பத்தினர் வந்து பார்த்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது. எல்லோரும் குண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் யோசிப்பது வேறு. அவ்வளவு ஆழமில்லாத தொட்டியில் நிற்கும் மரம், நல்ல கோடையில் சில நாள் தண்ணீர் கிடைக்காவிட்டால் போய்விடும். கிட்டத்தட்ட நானூறு வருடமாக யாரோ ஒருவர் மறக்காமல் ஊற்றியிருக்கிறார்.

படி 4: மண், அதைவிட முக்கியமாகத் துளைகள்

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் செவ்வகப் பஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாக்கில் கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். இப்போது அதே பஞ்சை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். பஞ்சு அதேதான், உயரம்தான் கூடியது. எந்தத் தொட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தங்கும். ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு சின்னப் பகுதி. இரண்டு அங்குலப் போன்சாய்த் தட்டில் அது கிட்டத்தட்ட முழு மண்ணும். வேர் மூச்சுமுட்டி அழுகும்.

இதனால்தான் போன்சாய்க்காரர்கள் தோட்ட மண்ணைத் தொடுவதில்லை. குருணை குருணையாக, 2 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். குருணை பெரிதானால் தேங்கும் உயரம் குறையும், இடையில் காற்று நிற்கும். ஜப்பானில் அகடாமா என்ற சுட்டது போன்ற களிமண் குருணை, பியூமிஸ் என்ற லேசான நுரைக்கல், எரிமலைக் கல். இவை கிடைக்காத இடத்தில் சலித்த செங்கல் சில்லு நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே காற்றும் விடும். நான் பயன்படுத்துவது செங்கல் சில்லு இரண்டு பங்கு, பியூமிஸ் ஒரு பங்கு, சலித்த மட்கு உரம் அரைப் பங்கு. ஜேட்டுக்கு மட்கு இன்னும் குறைவு.

சலிப்பதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். செங்கல் உடைத்தால் வரும் தூள் குருணைகளுக்கு நடுவே இறங்கிச் சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். இரண்டு சல்லடை வேண்டும்: பெரியது மேலே நிற்பதைத் தள்ளிவிட, சின்னது தூளைக் கீழே தள்ளிவிட. நடுவில் தங்குவது நமக்கு. சலித்ததை ஒருமுறை கழுவியும் விடுங்கள், கலங்கிய தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள்.

இப்படிப்பட்ட மண்ணில் சத்து தங்காது. ஆகவே வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. உறங்கும் மரத்துக்கும், நோயில் இருக்கும் மரத்துக்கும், இப்போதுதான் வேர் வெட்டிய மரத்துக்கும் உரம் கிடையாது.

படி 5: தண்டு பருக்க வேண்டுமா, வெட்டாமல் விடுங்கள்

இதுதான் புதியவர்கள் நம்ப மறுக்கும் இடம். சின்னத் தட்டில் நட்டுத் தினமும் கிள்ளிக்கொண்டே இருந்தால் தண்டு பருக்கவே பருக்காது. தண்டு பருப்பது மேலே இலை பெருகுவதால். தண்டின் கனம் போதாது என்று தோன்றினால், பெரிய தொட்டியிலோ தரையிலோ நட்டு ஓரிரு வருடம் கண்டபடி வளர விடுங்கள். அடிப்பக்கம் ஒரு கிளையைத் தேர்ந்து அதை மட்டும் ஆளுயரம் போக விட்டால், அதற்குக் கீழே உள்ள தண்டு வேகமாகத் தடிக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை வெட்டி எறிந்துவிடலாம். இதைப் பலிக்கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சகிக்காமல், ஒரு பக்கம் மட்டும் காடாக நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் "இதுவா போன்சாய்?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

படி 6: கவாத்து

மரத்தின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியை வெட்டினால் அதிகாரம் போய்விடும், கீழே தூங்கியவை எழும். கவாத்தின் முழுச் சூட்சுமமும் இவ்வளவுதான். ஒரு கொழுந்து ஆறு முதல் எட்டு இலை வரை நீளட்டும், பிறகு இரண்டு இலை விட்டு வெட்டுங்கள். அந்த இரண்டு கணுவிலிருந்து இரண்டு புதுத் துளிர் வரும். அவற்றுக்கும் அப்படியே. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, வருடம் இரண்டு போனால் கிளை நுனி வலை போலப் பிரிந்திருக்கும், இலையும் தானாகவே சிறுத்திருக்கும்.

வெட்டும் முன் கடைசியாக விடப்போகும் இலையைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதன் கக்கத்தில் இருக்கும் மொட்டு அந்தப் பக்கம்தான் போகும். கிளை வெளிப்பக்கம் போக வேண்டும் என்றால் வெளிப்பக்கம் பார்க்கும் இலைக்கு மேல் வெட்டுங்கள். கம்பியே இல்லாமல் கிளையைத் திருப்பும் வழி இது. ஜேட்டில் இலைகள் ஜோடி ஜோடியாக வரும், ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது வடக்கு தெற்கு. வேண்டாத திசையில் வரும் குருத்தை நகத்தால் கிள்ளிவிட்டால் போதும்.

எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம்? ஒரே இடத்திலிருந்து சக்கரக் கம்பி போலக் கிளம்புபவை, நேராகக் கீழே தொங்குபவை, இன்னொன்றைக் குறுக்கே வெட்டுபவை, பார்ப்பவர் முகத்தை நோக்கி நீட்டுபவை எல்லாம் போகலாம். முதல் கிளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் கண்ணுக்கு நிறைவு. இவை பழகும் வரைக்குமான விதிகள். உங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் கிழட்டு ஆலமரம் இதில் ஒன்றையும் மதிக்காது, ஆனாலும் அழகு. சந்தேகமாக இருந்தால் அந்தக் கிளையை ஒரு துணியால் மூடி, இல்லாத மாதிரி பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

ஃபைகஸில் இலையில்லாத மொட்டைக் கிளையும் துளிர்க்கும். ஜூனிப்பரிலும் பைனிலும் பச்சை இல்லாமல் வெட்டிவிட்டால் அந்தக் கிளை அவ்வளவுதான்.

படி 7: கம்பி

அலுமினியக் கம்பி, 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை நாலு அளவு. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் கம்பியை எடுங்கள். செம்புக் கம்பி வலுவானது, ஆனால் கை பழகிய பிறகு. சுற்றுவது 45 பாகைச் சாய்வில், சீரான இடைவெளியில். நெருக்கிச் சுற்றினால் ஸ்பிரிங் மாதிரி ஆகும், பிடிக்காது. ஒரே கம்பியால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கிளைகளைச் சுற்றி, நடுவில் தண்டை ஒரு சுற்றுச் சுற்றி நங்கூரம் போடுங்கள்.

வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும், அங்கேதான் பட்டை கிழியும். இரண்டு கட்டை விரலையும் உட்பக்கத்தில் வைத்து, மெதுவாக. மெல்லிய நறநற சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். முந்தின நாள் தண்ணீர் குறைத்திருந்தால் கிளை இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும்.

மாட்டிய நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். ஃபைகஸ் வளரும் பருவத்தில் நான்கு முதல் ஆறு வாரத்தில் கம்பி பட்டையில் பதிய ஆரம்பிக்கும். என் இரண்டாவது மரத்தில் மூன்று மாதம் மறந்துவிட்டேன். பாம்பு சுற்றின மாதிரி தழும்பு, ஐந்து வருடம் ஆகியும் தெரிகிறது. கழற்றும்போது சுற்றி எடுக்காமல் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள். கம்பியை மிச்சப்படுத்தப் பார்த்தால் கிளை ஒடியும்.

படி 8: மறுநடவும் தட்டும்

இரண்டாம் வருடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்க ஆரம்பித்தால் வேர் நிறைந்துவிட்டது என்று பொருள். வெப்ப மண்டல மரம் என்றால் நல்ல சூட்டில், துளிர் ஓடும்போது. குளிர்நில மரம் என்றால் குளிர் முடிந்து மொட்டு உப்பி, விரிவதற்கு முன்.

முதலில் புதுத் தொட்டியைத் தயார் செய்துவிட்டுத்தான் மரத்தை வெளியே எடுக்க வேண்டும். வேர் சில நிமிடங்களில் காயும். துளைகள் மேல் வலை, அடியிலிருந்து மேலே வரும்படி கட்டுக் கம்பி. மரத்தை எடுத்து, வெளியிலிருந்து உள்ளே, சிக்கு எடுப்பது போலக் குச்சியால் வேரைப் பிரியுங்கள். வெள்ளை நுனி ஆரோக்கியம். கறுத்துக் குழைந்து நாறுவது அழுகல், அதை முழுக்க வெட்டலாம். மற்றதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நேராகக் கீழே போகும் தடித்த வேரை வெட்டி, பக்கவாட்டில் விரிபவற்றை விடுங்கள். பைன், ஜூனிப்பர் வேரைச் சுத்தமாகக் கழுவிவிடாதீர்கள். அதில் ஒட்டிக்கொண்டு வேருக்கு உதவும் பூஞ்சை இருக்கிறது.

புது மண்ணைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கு இடையே இறக்குங்கள். பிறகு கட்டுக் கம்பியால் மரத்தைத் தொட்டியோடு அசையாமல் கட்டுங்கள். காற்றில் தண்டு ஆடினால் புதிதாக வரும் வேர் முனைகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுந்துகொண்டே இருக்கும். ஃபைகஸுக்கு உடனே, கீழே தெளிந்த தண்ணீர் வரும் வரை ஊற்றுங்கள். ஜேட்டுக்கு மட்டும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம், வெட்டுவாய் ஆறட்டும். இரண்டு மூன்று வாரம் நிழல்.

அழகான தட்டு எப்போது? தண்டின் கனம் போதும், முக்கியக் கிளைகள் அமைந்துவிட்டன என்று தோன்றும்போது. மூன்றாம் வருடம் என்று தலைப்பில் போட்டது நர்சரியிலேயே பருத்த மரத்துக்கு. நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடித்தண்டின் பருமன். பூ மரத்துக்கு வர்ணப் பூச்சு, பசுமை மாறாத மரத்துக்கு மங்கிய மண் நிறம். மரத்தை நட்டநடுவில் வைக்காமல் சற்றே பின்னால், ஒரு பக்கம் தள்ளி.

கருவிகளைப் பற்றி நிறையக் கேட்பார்கள். கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று, கம்பி வெட்டி ஒன்று, மூங்கில் குச்சி. குழிவாக வெட்டும் குறடு இரண்டாம் வருடம் வாங்கலாம். அது வெட்டிய காயம் மேடு தட்டாமல் மூடும். மரத்துக்கு மரம் மாறும்போது ஸ்பிரிட்டால் துடையுங்கள். மாவுப்பூச்சி, செதில் பூச்சி வந்தால் பழைய பல்துலக்கியும் வேப்பெண்ணெய்க் கரைசலும் முதலில். எறும்பு தண்டில் ஏறி இறங்குகிறது என்றால் மேலே பூச்சி இருக்கிறது, தேடுங்கள்.

மரம் செத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால்

தண்டில் மெல்லிய ஓர் இடத்தை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரை ஒழுங்குபடுத்தி, நிழலில் வைத்து, வேறு எதுவும் செய்யாமல் இருங்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். அடி வரை பழுப்பு என்றால் எடுத்துப் போட்டுவிட்டு மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். காய்ந்த வேரா, அழுகிய வேரா என்று தெரிந்தால் அடுத்த மரத்தில் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று தெரியும்.

ஊருக்குப் போக வேண்டும் என்றால்

இரண்டு நாள் என்றால் எல்லாத் தொட்டிகளையும் நிழலில் நெருக்கி, ஈர மணல் பரப்பிய தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஒரு வாரம் என்றால் ஆள் வேண்டும். அந்த ஆளிடம் "கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கொஞ்சம் என்பது ஒவ்வொருவர் அகராதியிலும் ஒவ்வொரு அளவு. நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவந்து, விரலை மண்ணில் விடச் சொல்லி, ஈரம் எது, காய்ந்தது எது என்று தொட்டுக் காட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மரங்கள் நன்றாக இருந்தன. அக்கா சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, இதில் எனக்கு ஒரு குச்சி கிடைக்குமா?"

ஜேட்டிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். இன்றைக்கே நட்டால் அழுகிவிடும், நிழலில் ஒரு வாரம் காயப் போடுங்கள், வெட்டின இடம் தோல் கட்டிய பிறகு காய்ந்த மண்ணில் செருகுங்கள், வேர் பிடிக்கும் வரை தண்ணீர் அதிகம் வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிக்கொண்டு, கீழே போகும்போதே படியில் நின்று, "எந்தப் பக்கம் ஜன்னலில் வைக்கட்டும்?" என்றார்.

"முதலில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அக்கா."